நம்பர் போடுத வேலை நமக்கெதுக்கு மருமவனே

ஏலே மருமவனே, உன் பேப்பரை வாசிச்சேன். கணக்கு விளங்குச்சான்னு கேக்காத, அது உனக்கும் உன் கைடுக்கும் உள்ள பாடு. ஆனா ஏழாம் பக்கத்துல ஒரு வரி கெடக்கு. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுட்டு மறுபடியும் பாத்தேன், அப்படியேதான் இருக்கு. ‘லெம்மா ??-இன்படியும் சமன்பாடு (??)-ஐக் கொண்டும் இது தெளிவு’ன்னு எழுதியிருக்க. தெளிவாம்லா! ரெண்டு கேள்விக்குறியைச் சாட்சிக்கூண்டுல ஏத்திவிட்டுட்டு வழக்கு ஜெயிச்சாச்சுன்னு சொல்லுத தைரியம் எங்க ஊர் வக்கீலுக்குக்கூடக் கிடையாது.

அதுகூடப் போகட்டும். அதுக்கு நாலு வரி கீழ ‘தேற்றம் 3.2 காட்டுவதுபோல’ன்னு ஒரு அதட்டல். புரட்டிப் போய்ப் பாத்தா 3.2-ல தேற்றத்தையே காணோம். ஒரு உதாரணம் சப்பணம் போட்டு உக்காந்திருக்கு. என்ன நடந்திருக்கும்னு எனக்குத் தெரியாதாலே? நடுவுல ஒரு உதாரணம் குடுன்னு கைடு சொல்லியிருப்பாரு, நீ சொருகியிருப்ப, தேற்றம் 3.3-க்கு நகந்திருக்கும். நீ கையால தட்டின 3.2 மட்டும் நின்ன இடத்துலயே நிக்கி.

திட்டப்போறேன்னு பயப்படாத. திட்டவே மாட்டேன். கோவில்பட்டியில கல்யாணப் பத்திரிகைக்கும் அரசியல் நோட்டீசுக்கும் ஈய எழுத்து கோத்துக்கிட்டுக் கெடந்தவன் நான். பெறகு மெட்ராஸ்ல ஒரு கம்பெனியில, வெளிநாட்டுக் கணக்குப் பத்திரிகைகளுக்குப் பக்கம் கட்டுத வேலைக்குப் போனேன். உன் அத்தைக்கு இந்த வீட்டைக் கட்டிக் குடுத்தது யாருன்னு நினைக்க? உன்னை மாதிரி கையால நம்பர் போடுத பேராசிரியர்மாருதான். புரூஃப் போனபெறகு ஒரு லெம்மாவைச் சேத்து அனுப்புவாக. அதுக்குக் கீழ உள்ள நம்பர் எல்லாம் ஒண்ணு ஒண்ணா ஏறும், அதைக் குறிப்பிட்ட இடத்தை எல்லாம் நாங்க தேடித்தேடித் திருத்தணும். திருத்தத்துக்குத் தனிக் கூலி. அதனால என் முதல் புத்திமதி என்னன்னா, கையாலேயே போடு மருமவனே. மெட்ராஸ்ல இன்னும் பல பிள்ளைக அந்தத் தொழில்ல இருக்கு. அதுக வயித்துல அடிக்காத.

அப்படி இல்ல, நானே சுத்தமாக் குடுத்துக்கிடுதேன்னா, ஒரு சங்கதியைப் பிடிச்சுக்கோ. மெட்ராஸ்ல வீட்டு வாசல்ல ‘பழைய எண், புதிய எண்’னு ரெண்டு நம்பர் எழுதியிருக்கும், பாத்திருக்கல்லா? கார்ப்பரேசன்காரன் நினைச்சா கதவு நம்பர் மாறும். ஆனா நம்ம ஊர்ல ‘வாகைமரத்து வீடு’ன்னா எவன் வந்து எந்த நம்பர் போட்டாலும் அது வாகைமரத்து வீடுதான். நீ பேப்பர் எழுதுத லாடெக்ல லேபிள்ங்கிறது அந்த வீட்டுப் பேரு. நம்பர்ங்கிறது கார்ப்பரேசன் வேலை, அது உன் வேலை இல்ல. தேற்றத்துக்கு ஒரு பேரை வச்சு லேபிள் போடு, கூப்பிடுத இடத்துல அந்தப் பேரைச் சொல்லி ரெஃப் போடு. எந்த நம்பர் வரணும்னு மெஷின் பாத்துக்கிடும்.

இந்த மெஷினைச் செஞ்ச ஆளும் லேசுப்பட்டவரு இல்ல. டொனால்ட் கனூத்னு ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர். 1974-லயே டூரிங் பரிசு வாங்கினவரு. 1977-ல தன் புஸ்தகத்தோட ரெண்டாம் வால்யூமுக்கு மறுபதிப்பு புரூஃப் வந்திருக்கு. முதல் பதிப்பு ஈய அச்சுல லட்சணமா வந்ததாம். இது புது ஒளியச்சு, பாத்ததும் மனுசனுக்கு அடிவயிறு கலங்கிப்போச்சு. நீயும் நானும்னா கம்பெனிக்கு நாலு வார்த்தை கடுதாசி எழுதிட்டு விட்டிருப்போம். அவரு எழுதுத வேலையை நிறுத்தி வச்சிட்டு அச்சுக் கோக்குத நிரல் எழுத உக்காந்துட்டாரு. அதுதான் டெக். அதோட வெர்ஷன் நம்பர் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பையோட அடுத்த இலக்கத்தைச் சேத்துக்கிடும், இப்ப 3.141592653-ல நிக்கி. நம்பர் மேல அம்புட்டுப் பிரியம் உள்ள மனுசன், ஆனா அவரு குடுத்த பிளெயின் டெக்ல இந்த லேபிள், ரெஃப் ஏற்பாடு கிடையாது. லெஸ்லி லாம்போர்ட்னு இன்னொருத்தரு 1980-கள்ல டெக் மேல லாடெக்னு ஒரு மாடி கட்டினாரு, அதுலதான் இது வந்துச்சு. 1986-ல புஸ்தகமும் போட்டாரு. அவருக்கும் 2013-ல அதே டூரிங் பரிசு. லேபிளுக்காகக் குடுக்கல, அது வேற வேலைக்கு. எங்களைக் கேட்டா லேபிளுக்கே குடுத்திருப்போம்.

இப்ப உன் கேள்விக்குறிக்கு வாரேன். லாடெக் உன் ஃபைலை மேல இருந்து கீழ ஒரே போக்கா வாசிக்கும். பதினஞ்சாம் பக்கத்து லெம்மாவை நீ ஏழாம் பக்கத்துலயே கூப்பிட்டா, அங்க நிக்கும்போது அதுக்கு அந்த லெம்மா நம்பர் எப்படித் தெரியும்? தெரியாது. அதனால ரெண்டு கேள்விக்குறியைத் தடிமனாப் போட்டுட்டு நடையைக் கட்டும். போற வழியில எந்த லேபிளைப் பாத்தாலும் பேரு என்ன, நம்பர் என்ன, எந்தப் பக்கம்னு ஆக்ஸ் ஃபைல்ல குறிச்சு வச்சுக்கிடும். அடுத்த தடவை ஓட்டும்போது முதல்ல அந்த ஆக்ஸைப் படிச்சிட்டுத்தான் உள்ள நுழையும். ஆக, நீ இன்னைக்குப் பாக்குத நம்பர் எல்லாம் போன ஓட்டத்து நம்பர்லே. அதுக்குத்தான் ரெண்டு தடவை ஓட்டணும்கிறது. பொருளடக்கமும் இருந்துச்சுன்னா அது வந்து உக்காந்து பக்கத்தைத் தள்ளிவிடும், மூணாவது ஓட்டமும் வேணும்.

இதுல ஒரு சூது இருக்கு. புதுசா எழுதின பேப்பரை ஒரு ஓட்டம் ஓட்டினா கேள்விக்குறி வரும், உனக்கே உறைக்கும். ஆனா பழைய பேப்பர்ல ஒரு லெம்மாவைச் சொருகிட்டு ஒரே ஓட்டம் ஓட்டினன்னு வையி, கேள்விக்குறி வராது. பழைய நம்பர் வரும். தப்பு நம்பர், ஆனா மிடுக்கா வரும். லேபிள் மாறியிருக்கலாம், மறுபடி ஓட்டுன்னு லாக்ல கடைசியில ஒரு வரி கெஞ்சும். நீ லாக் பாக்க மாட்ட. உங்க தலைமுறையே பாக்க மாட்டீங்க. பீடிஎஃப் வந்துட்டா டீ குடிக்கப் போயிருவிய. உனக்குன்னே லாடெக்எம்கேன்னு ஒண்ணு செஞ்சு வச்சிருக்காங்க. நம்பர் எல்லாம் அடங்குத வரைக்கும் அதுவே திரும்பத் திரும்ப ஓட்டும். சோம்பேறிக்கு இதைவிட யாரும் மரியாதை செய்ய முடியாது.

சில சமயம் அடங்காது, அது வேற வேடிக்கை. ஃபிராங்க் மிட்டல்பாக் எழுதின வேரியோரெஃப்னு ஒரு பேக்கேஜ் இருக்கு. கூப்பிடுத லெம்மா அதே பக்கத்துல இருந்தா சும்மா இருக்கும். அடுத்த பக்கத்துல இருந்தா ‘அடுத்த பக்கத்தில்’னு தானே எழுதிக்கிடும். இப்ப உன் வாக்கியம் பக்கத்தோட கடைசி வரியில நிக்கின்னு வையி. ‘அடுத்த பக்கத்தில்’னு எழுதினதும் வரி நீண்டு, வாக்கியமே அடுத்த பக்கத்துக்குப் போயிரும். அங்க போனபெறகு லெம்மாவும் வாக்கியமும் ஒரே பக்கம், அதனால அடுத்த ஓட்டத்துல அந்த வார்த்தை தேவையில்ல. எடுத்துட்டா வரி குறுகி, வாக்கியம் பழைய பக்கத்துக்கே திரும்பும். திரும்பினா மறுபடியும் ‘அடுத்த பக்கத்தில்’. விடிய விடிய ஓட்டினாலும் தீராது. அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் மாத்தி எழுதினா தீந்துபோகும். கனூத் நிரலாலும் ஆகாததை உன் பேனாவால செய்யலாம்னா பெருமைதானே, செஞ்சுட்டுப் போ.

சரி, இதெல்லாம் சில்லறை. என் சர்வீஸ்ல வயித்தெரிச்சல் பட்டது வேற ஒண்ணுக்கு. கேள்விக்குறி யோக்கியன் மருமவனே, எனக்குத் தெரியலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருது. ஒரு சத்தமும் இல்லாமப் பொய் சொல்லுத லேபிள் இருக்கு பாரு, அதுதான் ஆளைக் கவுக்கும். லேபிள்ங்கிறது தானா ஒரு நம்பரை யோசிக்காது. கடைசியா எந்த நம்பர் ஏறுச்சோ அதைப் பிடிச்சுக்கிடும். படத்துக்கு நம்பர் ஏத்துறது கேப்ஷன்தான். நீ என்ன செஞ்சிருக்க? படத்தைப் போட்ட, உடனே லேபிள் வச்ச, பெறகு ஆற அமரக் கேப்ஷன் எழுதின. லேபிள் வச்ச நேரத்துல படத்துக்கு நம்பரே பிறக்கல. கடைசியா ஏறின நம்பர் செக்‌ஷன் நம்பர், நாலு. ஆக ‘படம் 4-ஐப் பாக்க’ன்னு அச்சாகுது. உன் பேப்பர்ல மொத்தமே ரெண்டு படம். லாக்லயும் ஒரு வார்த்தை வராது. லேபிள் இருக்கு, நம்பர் இருக்கு, மெஷினைப் பொறுத்தமட்டுல எல்லாம் சரி. கேப்ஷனுக்குப் பெறகு லேபிள், அம்புட்டுதான். நட்சத்திரம் போட்டு நம்பர் இல்லாம ஒரு தலைப்பு வச்சு அதுக்கு லேபிள் குடுக்கியே, அங்கயும் இதே கதை. முன்னால இருக்க செக்‌ஷனோட நம்பரை இரவல் வாங்கிக்கிட்டு நிக்கும்.

ஒரே பேரை ரெண்டு லெம்மாவுக்கு வைக்கிறது இன்னொரு கூத்து. மூணாம் செக்‌ஷன்ல இருந்து ஒரு லெம்மாவை நகலெடுத்து அஞ்சாம் செக்‌ஷன்ல ஒட்டி, ரெண்டு எழுத்தை மாத்தி, லேபிளை அப்படியே விட்டிருக்க. ரெண்டுல எது ஜெயிக்கும்? பின்னால வந்ததுதான். மூணாம் செக்‌ஷன் லெம்மாவைக் கூப்பிட்டதெல்லாம் இப்ப அஞ்சாம் செக்‌ஷனுக்குப் போய் நிக்கி. நிரூபணம் தன்னைத்தானே சுத்துதுன்னு ரெஃப்ரீ எழுதப்போறான், பாத்துக்கோ. இதுக்கு லாக் எச்சரிக்கும். அதான் நீ லாக் பாக்க மாட்டியே.

பேரு வைக்கிற லட்சணத்தையும் பாத்தேன். ‘ஈக்யூ1’, ‘ஈக்யூ1நியூ’, ‘ஈக்யூ1நியூஃபைனல்’, ‘ஈக்யூ1நியூஃபைனல்2’. உன் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் பேரு வைப்பியாலே? தேற்றத்துக்கு ‘தேற்றம்3பாயிண்ட்2’ன்னு வேற வச்சிருக்க. நம்பர் மாறும்னுதானே பேரே வைக்கோம், அந்தப் பேருக்குள்ளயே நம்பரை வச்சா? என்ன சொல்லுதோ அதை வையி. ஒருமைத் தேற்றம்னா ஒருமை, அடைவுத் தேற்றம்னா அடைவு. முன்னால லெம்மாவா, படமா, சமன்பாடான்னு ஒரு சின்ன முன்னொட்டும் ஒரு முக்காற்புள்ளியும் போட்டுக்கோ. ஷோகீஸ்னு டேவிட் கார்லைல் எழுதின பேக்கேஜ் ஒண்ணு உண்டு. அதைப் போட்டா லேபிள் பேரெல்லாம் பக்கத்து ஓரத்துல அச்சாகும், எழுதிக்கிட்டு இருக்கும்போது தேட வேண்டியதில்ல. அனுப்பும்போது எடுத்துரு. எடுக்காம அனுப்பின ஒரு மகராசனோட பேப்பர் எங்க மேசைக்கு வந்துச்சு. ஓரத்துல ‘கைடுஉளறினது’ன்னு ஒரு லெம்மா. கைடும் அதுல கூட்டு ஆசிரியர்.

ஷோகீஸை எடுத்துட்டா தப்பிச்சோம்னு நினைக்காத. 1991-ல பால் கின்ஸ்பார்க் தொடங்கின ஆர்க்கைவ்னு பேப்பர் ஏத்துத இணையக் கிடங்கு இருக்குல்லா, அங்க நீ டெக் ஃபைலாத்தான் ஏத்துவ. அந்த மூல ஃபைலை எவன் வேணும்னாலும் இறக்கிப் பாக்கலாம். லேபிள் பேரு, சதவீதக் குறி போட்டு மறைச்சு எழுதின புலம்பல், வெட்டின பத்தி எல்லாம் அப்படியே கிடைக்கும். அடுத்தவன் லேபிளைப் படிக்கிறதுக்குன்னே ராத்திரி முழிச்சிருக்க ஆளுக உண்டு. உன் பேப்பர்ல ‘இதுசரியான்னுசாமிக்குத்தான்வெளிச்சம்’னு ஒரு லேபிள் பாத்தேன். மாத்திரு.

‘லெம்மா’ன்னு கையால எழுதி, பக்கத்துல நம்பருக்கு மட்டும் ரெஃப் போடுத. தப்பில்ல, ரெண்டுக்கும் நடுவுல அலைக்குறி போட்டியா? போடல. அதான் ‘லெம்மா’ ஒரு வரிக் கடைசியிலயும் ‘4.1’ அடுத்த வரி ஆரம்பத்துலயும் அநாதையா நிக்கி. சமன்பாட்டுக்கு ஈக்யூரெஃப் போட்டா அடைப்புக்குறி தானா வரும். நீ சில இடத்துல போட்டிருக்க, சில இடத்துல மறந்திருக்க, ஒரு இடத்துல கையாலயும் போட்டு ஈக்யூரெஃப்பும் போட்டு ரெட்டை வேலி கட்டியிருக்க. ‘லெம்மா’ங்கிற வார்த்தையையும் மெஷினே எழுதட்டும்னா ஹைப்பர்ரெஃப் பேக்கேஜ்ல ஆட்டோரெஃப் இருக்கு. ஆனா தேற்றத்துக்கும் லெம்மாவுக்கும் நம்பர் ஏத்துற எண்ணி ஒண்ணே ஒண்ணுதான் வச்சிருக்க, நம்ம கணக்கு ஆளுக முக்காவாசிப்பேரு அப்படித்தான். ஆட்டோரெஃப் எண்ணியோட பேரைப் பாத்துதான் வார்த்தையைப் போடும், அதனால உன் துக்கடா லெம்மாவெல்லாம் தேற்றம்னு பட்டம் கட்டிக்கிட்டு வரும். உனக்குச் சந்தோசமாத்தான் இருக்கும். ரெஃப்ரீக்கு இருக்காது. டோபி கியூபிட் எழுதின கிளெவர்ரெஃப் இதைச் சரியாச் செய்யும். ஹைப்பர்ரெஃப்புக்குப் பெறகு அதை ஏத்தணும், தேற்ற அறிவிப்பு எல்லாம் அதுக்கும் பெறகு. வரிசை தப்பினா கோவிச்சுக்கிடும்.

எல்லாச் சமன்பாட்டுக்கும் நம்பர் போடணுமா, கூப்பிடுததுக்கு மட்டுமான்னு ஒரு பழைய சண்டை இருக்கு. மேத்டூல்ஸ் பேக்கேஜ்ல கூப்பிட்டதுக்கு மட்டும் நம்பர் போடுத வசதி உண்டு, பக்கம் துப்புரவா இருக்கும். ஆனா டேவிட் மெர்மின்னு கார்னெல் பல்கலைக்கழகத்து இயற்பியல்காரரு 1989-ல ‘பிசிக்ஸ் டுடே’யில எழுதினாரு, தனி வரியில வந்த சமன்பாடு எல்லாத்துக்கும் நம்பர் போடுன்னு. நீ கூப்பிடாட்டாலும், பெறகு உன் பேப்பரைப் பத்திப் பேசுதவன் அதைக் கூப்பிட வேண்டி வருமில்லா. நான் மெர்மின் கட்சி. ‘பதினாலாம் பக்கம், மேல இருந்து மூணாவது, இண்டக்ரல் உள்ளது’ன்னு குவெரி எழுதி எழுதி எங்க கை தேஞ்சது எங்களுக்குத்தான் தெரியும். அவரு சொன்ன இன்னொண்ணு இதைவிடப் பெருசு. வெறும் நம்பரை மட்டும் சொல்லாத, அது என்னன்னு ஒரு வார்த்தையும் கூடச் சொல்லுன்னாரு. ‘(2.7), (3.1), (4.12) ஆகியவற்றிலிருந்து’ன்னு நீ எழுதினா படிக்கிறவன் மூணு விரலை மூணு பக்கத்துல சொருகிக்கிட்டு நாலாவது பக்கத்தை எந்தக் கையால புரட்டுவான்? ‘ஆற்றல் சமனின்மை (2.7)’னு சொன்னா விரலே வேண்டாம். லாடெக் எம்புட்டு கெட்டிக்காரனா இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையை உனக்காக எழுதாது.

உன் வீட்டு நம்பரை இப்படிச் சரிபண்ணிரலாம். அடுத்தவன் பேப்பர்ல உள்ள தேற்றத்தைக் கூப்பிடும்போது என்ன செய்வ? அங்க ரெஃப் செல்லாது, கையால்தான் போடணும். ஆர்க்கைவ்ல ஒரு நம்பர், அதே பேப்பர் பத்திரிகையில வரும்போது வேற நம்பர். அதனால எதைப் பாத்து எழுதினியோ அந்த வெர்ஷனைச் சொல்லிரு. இதுக்கு ஒரு கூட்டம் புத்தியா வழி கண்டுச்சு. கொலம்பியா பல்கலைக்கழகத்து யோஹன் டி யோங் தொடங்கின ஸ்டாக்ஸ் திட்டம், இயற்கணித வடிவியல் பூராவையும் எழுதிக்கிட்டே போறாக, 7000 பக்கத்தைத் தாண்டியாச்சு. தினமும் வளருத புஸ்தகத்துல இன்னைக்கு உள்ள லெம்மா நம்பர் நாளைக்கு நிக்குமா? அதனால ஒவ்வொரு லெம்மாவுக்கும் நாலு எழுத்துல ஒரு டேக் குடுத்துட்டாக. நம்பர் எப்படிப் புரண்டாலும் டேக் மாறாது. வெளியில உள்ளவன் அந்த டேக்கைத்தான் சொல்லணும். லேபிளைத் தெருவுக்கே கொண்டுவந்துட்டாக, பாரு.

கடைசியா, உனக்கு ஏற்கெனவே வந்திருக்க ரெஃப்ரீ கடுதாசி. ‘லெம்மா 4.3-ல் ஓட்டை’ன்னு எழுதியிருக்கான், நீ திருத்தினபெறகு அது 4.5. பதில்ல பழசு எது, புதுசு எதுன்னு நீயே குழம்பி, 4.4-ஐப் பத்தி ஒரு பக்கம் விளக்கம் எழுதி வச்சிருக்க. இப்பச் சொல்லுதேன் கேளு. எக்ஸ்ஆர்னு ஒரு பேக்கேஜ், அதுவும் டேவிட் கார்லைல்தான். இன்னொரு ஃபைலோட ஆக்ஸைப் படிச்சு, அதுல உள்ள லேபிளை எல்லாம் உன் பதில் கடுதாசியிலயே கூப்பிட விடும். முதல்ல அனுப்பின பேப்பரை வேற பேர்ல, ஆக்ஸோட பத்திரமா வச்சிரு. பழசுக்கு ஒரு முன்னொட்டு, புதுசுக்கு இன்னொண்ணு குடுத்து ரெண்டையும் ஏத்து. ‘உங்கள் லெம்மா 4.3, இப்போது லெம்மா 4.5’னு ரெண்டு நம்பரும் தானா வரும். ஹைப்பர்ரெஃப் போட்டிருந்தா எக்ஸ்ஆர்-ஹைப்பர்னு உள்ளதை எடுத்துக்கோ. பேப்பரை முதல்ல ஓட்டி முடி, கடுதாசியை அப்புறம் ஓட்டு. தலைகீழா ஓட்டினா கடுதாசியில போன வாரத்து நம்பர் வரும்.

ஆமா, அந்த ரெஃப்ரீ தன் பேப்பர் மூணை மேற்கோள் காட்டச் சொல்லியிருக்கானாமே? காட்டு, நமக்கென்ன நட்டம். ஆனா தேற்ற நம்பரை எந்த வெர்ஷன்ல பாத்தன்னு எழுத மறந்துராத. நான் மூணையும் இறக்கிப் பாத்துட்டேன், அவனும் கையாலதான் நம்பர் போடுதான்.